இந்த தீபாவளிக்கு ரெண்டு பை தைப்போம்: பலகாரத்துக்கு ஒண்ணு, மாத்திரைக்கு ஒண்ணு



தீபாவளிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. இழை கொஞ்சம் நீளம். வழக்கமா நான் எழுதுற மாதிரி நோய், மருந்துன்னு மட்டும் இருக்காது. துணி, கத்தரிக்கோல், ஊசி, நூல் நிறைய வரும். "டாக்டர் எதுக்கு டெய்லரிங் கிளாஸ் எடுக்குறார்?"னு கேக்குறவங்க பாதி வரைக்கும் பொறுமையா வாங்க. காரணம் இருக்கு.

1)
எங்க அம்மா வீட்டுல வச்சே பிளவுஸ் தைச்சுக் கொடுத்தவங்க. சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம்னு கால் மெஷின் ராத்திரி பத்து மணி வரைக்கும் ஓடும். ஊசியில நூல் கோர்த்துக் கொடுக்கிறதும், பாபின் சுத்துறதும் என் வேலை. எம்பிபிஎஸ் சேர்றதுக்கு முன்னாடியே நேரா ஒரு தையல் ஓட்ட எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில காயத்துக்குத் தையல் போடும்போது எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "எத்தனை தையல் டாக்டர்?" தோல்ல போடுற தையல் பெரும்பாலும் ஒவ்வொண்ணும் தனித்தனி முடிச்சு. ஒண்ணு அறுந்தாலும் மத்தது தாங்கும். துணியில ஓட்டுறது ஒரே நூல். ஒரு முனை பிரிஞ்சா வரிசையா பிரிஞ்சிடும். அதனாலதான் தையலைத் தொடங்குற இடத்துலயும் முடிக்கிற இடத்துலயும் முன்னும் பின்னுமா ரெண்டு தடவை ஓட்டுங்கன்னு அம்மா சொல்லுவாங்க. கீழே சொல்லப்போற எல்லாப் பைக்கும் இந்த ஒரு விதி பொருந்தும்.

2)
இப்போ விஷயத்துக்கு வருவோம்.

முன்னெல்லாம் தீபாவளிப் பலகாரம் எவர்சில்வர் தட்டுல போகும். மேல ஒரு கைக்குட்டை மூடியிருக்கும். தட்டு வெறுமையா திரும்பி வராது. சர்க்கரையோ, ரெண்டு வாழைப்பழமோ வச்சுத்தான் வரும். கிறிஸ்துமஸுக்கு கேக், ரம்ஜானுக்கு பிரியாணி வர்றதும் இதே மாதிரி பாத்திரத்துலதான். இப்போ பலகாரம் பிளாஸ்டிக் டப்பாவுல போகுது, டப்பா பளபளக்கிற கவருக்குள்ள போகுது. மறுநாள் காலையில தெருமுனைக் குப்பைத்தொட்டியில பட்டாசுக் காகிதத்தோட அந்தக் கவரும் கிடக்குது.

தமிழ்நாட்டுல ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கு. 2021 டிசம்பர் 23-ம் தேதி 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்குச்சு. மஞ்சப்பை தூக்கிட்டு வந்தா பட்டிக்காட்டான்னு சிரிச்ச காலம் போய், இப்போ கல்யாண வீட்டுத் தாம்பூலமே மஞ்சப்பையில வருது. நல்ல மாற்றம்.

ஆனா ஒரு கணக்கையும் சேர்த்துச் சொல்லணும். பருத்தி விளைய வைக்க, நூற்க, சாயம் போட நிறைய தண்ணியும் மின்சாரமும் செலவாகுது. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-ல வெளியிட்ட ஆய்வுப்படி, ஒரு புதுப் பருத்திப் பை புவி வெப்பமாதல் கணக்குல சாதாரண மெல்லிய பிளாஸ்டிக் பையை விட மேலானதா ஆகணும்னா 131 தடவை பயன்படுத்தணும். புதுத்துணி வாங்கிப் பை தைச்சு, அதை பீரோவுல மடிச்சு வச்சா யாருக்கும் லாபம் இல்லை.

அதனால நம்ம பைக்குத் துணி கடையில வாங்க வேண்டாம். அம்மாவோட நூல் சேலை, அப்பாவோட பழைய கைத்தறி வேட்டி, கிழிஞ்ச மெத்தை விரிப்பு, டெய்லர் கடையில மூட்டை கட்டி வச்சிருக்கிற வெட்டுத்துணி. இதுவே போதும். பனியன் துணி மட்டும் வேண்டாம். இழுபடும், பாரம் வச்சா பை தொங்கிப் போயிடும்.

3)
துணி பருத்தியா, பாலியஸ்டரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு இழையை உருவி, இடுக்கியில பிடிச்சு, தண்ணிக் கிண்ணத்துக்கு மேல வச்சு நெருப்புல காட்டுங்க. பருத்தின்னா காகிதம் எரியுற வாசனையோட எரிஞ்சு, தொட்டா உதிர்ற சாம்பலாகும். பாலியஸ்டர்னா சுருங்கி, உருகி, கெட்டியான மணி மாதிரி நிக்கும்.

அந்த உருகின மணியை நல்லா பாருங்க. தீபாவளி அன்னிக்கு ராத்திரி தீக்காயத்தோட வர்றவங்ககிட்ட நாங்க பாக்குறது இதைத்தான். பருத்தியும் எரியும், ஆனா உருகித் தோல்ல ஒட்டாது. பட்டாசு வெடிக்கும்போது குழந்தைகளுக்கு உடம்போட ஒட்டின பருத்தி உடை போடுங்கன்னு வருஷா வருஷம் சொல்றதுக்குக் காரணம் அதுதான். பைக்காகப் பண்ற இந்தச் சோதனையைக் குழந்தைகளுக்கும் காட்டுங்க. நான் மைக் பிடிச்சு பேசுறதை விட நல்லா பதியும்.

4)
முதல் பை: சுருக்குப் பை.

நம்ம பாட்டிங்க இடுப்புல செருகி வச்சிருந்த அதே பைதான். வெத்தலை, பாக்கு, சில்லறை, பேரனுக்கு ஒரு மிட்டாய் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும். கால் கிலோ மிக்சரோ, ஆறு லட்டோ வைக்கிற அளவுக்கு ஒண்ணு தைப்போம்.

துணி: அகலம் 8 இன்ச், நீளம் 20 இன்ச். ஒரே துண்டு. வெட்டுறதுக்கு முன்னாடி துவைச்சு, காய வச்சு, இஸ்திரி போட்டுடுங்க. புதுத்துணின்னா துவைக்கும்போது சுருங்கும். பழசுன்னா மிச்சக் கஞ்சி போகணும்.

நல்ல பக்கம் உள்ளே வர்ற மாதிரி நடுவுல மடிங்க. இப்போ 8-க்கு 10. அடிப்பக்கம் மடிப்புங்கிறதால அங்க தையலே வேண்டாம். ரெண்டு பக்கவாட்டுலயும் ஓரத்துல இருந்து அரை இன்ச் உள்ளே தள்ளி அடிங்க. ஆனா மேல இருந்து 3 இன்ச் தைக்காம விட்டுடுங்க. இதுதான் முக்கியம். நாடா நுழையுற வாசல் அதுதான்.

தைக்காம விட்ட அந்த ஓரங்களை அரை இன்ச் உள்ளே மடிச்சு அடிச்சிடுங்க, நூல் பிரியாம இருக்கும். அப்புறம் வாய்ப்பக்கத்தை முதல்ல கால் இன்ச் மடிச்சு, திரும்ப ஒண்ணேகால் இன்ச் மடிச்சு, அந்த மடிப்போட கீழ் ஓரமா ஒரு தையல். முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை. ரெண்டையும் சேர்த்து அடிச்சிடாதீங்க, பையோட வாய் மூடிக்கும்!

பையைத் திருப்புங்க. 20 இன்ச் நீளத்துல ரெண்டு நாடா. சேஃப்டி பின்னுல கோர்த்து, ஒரு நாடாவை வலது வாசல்ல விட்டு முழுசா ஒரு சுத்து சுத்தி வலது பக்கமே வெளியே எடுங்க. இன்னொண்ணை இடது பக்கம் விட்டு இடது பக்கமே எடுங்க. முனைகளை முடிச்சுப் போட்டு ரெண்டு பக்கமும் இழுத்தா வாய் சுருங்கிடும். பாவாடைக்கு நாடா கோர்க்கத் தெரிஞ்ச வீட்டுல இது ஒரு வேலையே இல்லை.

மெஷின் இல்லைன்னா கையால தைங்க. பத்துத் தையலுக்கு ஒருதடவை ஊசியைப் பின்னால ஒரு எட்டு கொண்டு வந்து குத்தி எடுத்தீங்கன்னா தையல் இறுகி நிக்கும்.

எண்ணெய்ப் பலகாரம்னா உள்ளே வாழை இலையோ, வெள்ளைத் தாளோ வச்சுக் கட்டி வைங்க. அச்சடிச்ச செய்தித்தாள் வேண்டாம். சூடான எண்ணெய் மையை இழுத்து உணவுல சேர்க்கும். உணவுப் பொருளைச் செய்தித்தாள்ல மடிச்சுக் கொடுக்காதீங்கன்னு உணவுப் பாதுகாப்புத் துறையே சொல்லிக்கிட்டிருக்கு.

5)
இப்போ ரெண்டாவது பை. நான் இவ்வளவு தூரம் உங்களைக் கூட்டிட்டு வந்தது இதுக்குத்தான்.

ஒரு தீபாவளி முடிஞ்ச மறுநாள் விடிகாலை. வயசு எழுபதைத் தாண்டின ஒரு அப்பத்தாவைப் பேரன் தூக்கிட்டு ஓடி வந்தான். கூப்பிட்டா பதில் இல்லை. உடம்பெல்லாம் வேர்வை. "ராத்திரி நல்லாத்தான் சார் பேசிட்டுப் படுத்துச்சு." விரல்ல குத்திப் பார்த்தா சுகர் 38. நரம்பு வழியா 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏத்தினோம். சில நிமிஷத்துல கண்ணைத் திறந்து, "ஏன்டா, என்னை எங்கடா தூக்கியாந்திருக்க?"ன்னு பேரனைத் திட்ட ஆரம்பிச்சது. அந்தத் திட்டு காதுல விழுந்தப்போதான் எங்க எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு.

வீட்டுல இருந்து மாத்திரைப் பையை எடுத்துட்டு வரச் சொன்னேன். ஜவுளிக்கடைக் கவர் ஒண்ணு. மேஜையில கொட்டினா மூணு மாசத்து மாத்திரைகள் ஒண்ணாக் கிடக்கு. அதுல கிளிமிபிரைடுன்னு ஒரு சுகர் மாத்திரை, ரெண்டு விதமான அட்டையில. ஒண்ணு சிவப்பு எழுத்து, ஒண்ணு பச்சை எழுத்து. உள்ளே இருக்கிற மருந்து ஒண்ணுதான். தயாரிச்ச கம்பெனி வேற.

"ரெண்டும் வேற வேற கலரா இருந்துச்சு தம்பி. ரெண்டு மாத்திரைன்னு ரெண்டையும் போட்டுக்கிட்டேன். முந்தாநாத்து பலகாரம் தின்னோம்ல, சுகர் ஏறியிருக்கும்னு நேத்து சோறு கம்மியாத்தான் தின்னேன்."

அப்பத்தா மேல என்ன தப்பு? அதுக்குப் படிக்கத் தெரியாது. நிறம்தான் அதுக்கு எழுத்து. சுகர் குறைக்கிற மாத்திரை ரெட்டிப்பு, சாப்பாடு பாதி. சுகர் விழாம என்ன செய்யும்?

6)
இந்த வகை மாத்திரையால சுகர் இறங்கினா ஒரு தடவை குளுக்கோஸ் ஏத்தி எழுப்பி விட்டு வீட்டுக்கு அனுப்பிடக் கூடாது. மருந்து உடம்புல இன்னும் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். திரும்பவும் இறங்கும். வயசானவங்க, கிட்னி பலவீனமானவங்கன்னா இன்னும் அதிக நேரம் இழுக்கும். அதனால ஒருநாளாவது படுக்க வச்சுப் பார்க்கணும். அப்பத்தாவையும் அப்படித்தான் வார்டுல வச்சிருந்தோம். அந்த ஒருநாள்ல அதுக்கு எப்படிப் புரிய வைக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.

நீண்ட நாள் நோய்களுக்கு மருந்து எடுக்கிறவங்கள்ல, வளர்ந்த நாடுகள்லயே சராசரியா பாதிப்பேர்தான் சொன்னபடி எடுக்கிறாங்கன்னு உலக சுகாதார நிறுவனத்தோட 2003 அறிக்கை சொல்லுது. நம்ம ஊர்ல மாத்திரை கிடைக்காம இருக்கிற நிலைமை எவ்வளவோ மாறியிருக்கு. 2021 ஆகஸ்ட் 5-ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல சுகர், பிபி மாத்திரை வீட்டு வாசலுக்கே போகுது. ஆனா வீட்டுக்குள்ள வந்த மாத்திரை சரியான வேளைக்கு, சரியான எண்ணிக்கையில வாய்க்குப் போகணுமே. அந்தக் கடைசி ரெண்டடியை எந்தத் திட்டமும் நடந்து கொடுக்க முடியாது. வீட்டுல இருக்கிறவங்கதான் நடக்கணும்.

"சிவப்பு அட்டை காலையில, நீலம் ராத்திரி"ன்னு சொல்லிக் கொடுக்கிறது நம்ம வழக்கம். அடுத்த தடவை வேற அட்டை வந்தா அந்தப் பாடமே தப்பாகிடும். அட்டையோட நிறம் நம்ம கையில இல்லை. வைக்கிற இடத்தோட நிறம் நம்ம கையில இருக்கு.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் அம்மாவோட மெஷின்ல உட்கார்ந்து தைச்சதுதான் மூணு அறை மாத்திரைப் பை.

7)
எப்படித் தைக்கிறது?

அடித்துணி: அகலம் 9 இன்ச், நீளம் 22 இன்ச். கொஞ்சம் கெட்டியா இருக்கணும். பழைய ஜீன்ஸ், மெத்தை விரிப்பு, ரெண்டா மடிச்ச வேட்டி எது வேணும்னாலும் சரி.

அறைத்துணி: 9-க்கு 6 இன்ச்சுல மூணு துண்டு. மூணும் வேற வேற நிறம். காலைக்கு மஞ்சள், மதியத்துக்கு சிவப்பு, ராத்திரிக்கு கருநீலம். நிறம் உங்க விருப்பம், ஆனா தூரத்துல இருந்து பார்த்தாலே பிரிஞ்சு தெரியணும். பச்சையும் நீலமும் பக்கத்துல வேண்டாம். கண்புரை இருக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியலாம்.

ஒவ்வொரு அறைத்துணிக்கும் மேல் ஓரத்தை அரை இன்ச் மடிச்சு அடிச்சிடுங்க. கீழ் ஓரத்தை அரை இன்ச் உள்ளே மடிச்சு இஸ்திரி போடுங்க. இப்போ உயரம் 5 இன்ச். அடித்துணியோட கீழ் ஓரத்துல இருந்து 1 இன்ச் விட்டு ராத்திரி அறை. அதுக்கு மேல 1 இன்ச் இடைவெளி விட்டு மதிய அறை. இன்னொரு இன்ச் விட்டு காலை அறை. ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு தையல்.

அடித்துணியோட கீழ் ஓரத்தை அரை இன்ச் மடிச்சு அடிங்க. ரெண்டு பக்கத்தையும் பழைய சேலைக் கரையை மடிச்சு வச்சு, மேல இருந்து கீழ வரைக்கும் அடிச்சு மூடுங்க. அறைகளோட பக்கமும் அதோடயே மூடிக்கும், பார்க்கவும் அழகா இருக்கும். உச்சியில 2 இன்ச் பின்னால மடிச்சு அடிச்சா ஒரு குழல் வரும். அதுல ஒரு குச்சியைச் செருகி, கயிறு கட்டினா ஆணியில மாட்டலாம்.

இப்போ ரெண்டு சின்ன வேலை. இந்தப் பையோட உயிரே அதுலதான் இருக்கு.

முதலாவது, ஒவ்வொரு அறைக்கும் நடுவுல மேல இருந்து கீழ ஒரு தையல். அறை ரெண்டாப் பிரியும். இடது பக்கம் சாப்பாட்டுக்கு முன்னாடி, வலது பக்கம் சாப்பிட்ட பிறகு. சோத்துக்கை பக்கம் இருக்கிறது சோறு தின்ன பிறகுன்னு சொன்னா மறக்காது.

ரெண்டாவது, பட்டன். காலை அறைக்கு ஒண்ணு, மதியத்துக்கு ரெண்டு, ராத்திரிக்கு மூணு. பழைய சட்டைப் பட்டனே போதும். நிறம் தெரியாதவங்களும், கரண்ட் போன ராத்திரியும் விரலால தடவியே எந்த அறைன்னு சொல்லிடலாம். சுகரால பார்வை மங்கினவங்களுக்கு இந்தப் பட்டன் பெரிய உதவி.

8)
பையை எப்படி நிரப்புறது? இதைக் கவனமாப் படிங்க.

மாத்திரையை அட்டையில இருந்து பிரிச்சுப் போடாதீங்க. ஈரம் பட்டு கெடும், எது எதுன்னும் தெரியாம போகும். அட்டையோட வைங்க. காலாவதி தேதி அச்சடிச்ச முனையைக் கடைசியா விட்டு, அடுத்த முனையில இருந்து எடுங்க.

காலையும் ராத்திரியும் எடுக்கிற மாத்திரைன்னா, மெட்ஃபார்மின் மாதிரி, ரெண்டு அறையிலயும் ஒவ்வொரு அட்டை.

ஒரே மருந்து ரெண்டு நிற அட்டையில இருந்தா, பழையது தீர்ற வரைக்கும் புதுசு பைக்குள்ள போகக் கூடாது. மருந்தோட பேரைப் படிச்சுப் பார்த்துத்தான் வைக்கணும். சந்தேகம்னா ரெண்டையும் எடுத்துட்டு வந்து ஃபார்மசிஸ்ட்டுகிட்டயோ எங்ககிட்டயோ காட்டுங்க. அரை நிமிஷ வேலை. யாரும் திட்ட மாட்டோம்.

காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரைன்னு எப்பவாவது போடுறது இதுக்குள்ள வேண்டாம். பைக்குள்ள இருந்தா தினமும் போடணும்னு நினைச்சுக்குவாங்க.

மூட்டுவாத நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறவங்க வீட்டுல இருந்தா ஒரு நிமிஷம் நில்லுங்க. அதை வாரத்துக்கு ஒருநாள் மட்டும்தான் எடுக்கணும். தினமும் எடுத்தா ரத்த அணுக்கள் குறைஞ்சு உயிருக்கே ஆபத்தாகும். அதுக்கு மேல சொன்ன சுருக்குப் பையில சின்னதா ஒண்ணு தனியா தைச்சு, கிழமையை எழுதிக் கட்டி, வீட்டுல வேற ஒருத்தர் பொறுப்புல வைங்க.

இன்சுலின் இந்தப் பைக்கு ஆகாது. திறக்காத இன்சுலின் ஃபிரிட்ஜுல, ஆனா உறைய வைக்கிற அறையில இல்லை. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுல தண்ணி ஊத்தின மண்பானைக்குள்ள, மூடி போட்ட டப்பாவுல.

பையை எங்க மாட்டுறது? அடுப்பு பக்கம் வேண்டாம், குளியலறை பக்கமும் வேண்டாம். சூடும் ஈரமும் மாத்திரைக்கு எதிரி. பெரியவங்க கைக்கு எட்டணும், குழந்தைங்க கைக்கு எட்டவே கூடாது. தாத்தாவோட ஒரு சுகர் மாத்திரை ரெண்டு வயசுக் குழந்தையை ஐசியூவுக்கு அனுப்பப் போதும். இரும்புச்சத்து மாத்திரையும் குழந்தைக்கு ஆபத்துதான், மிட்டாய் மாதிரி இருக்கும். வண்ணப்பையைப் பார்த்தா குழந்தைக்கு ஆசை வரத்தான் செய்யும். தவழுற பிள்ளை இருக்கிற வீடுன்னா பையை அலமாரிக்குள்ள மாட்டிப் பூட்டுங்க.

9)
மிஞ்சின துண்டுகளை என்ன பண்றது?

மூக்குக்கண்ணாடி உறை: 8-க்கு 8 இன்ச் துண்டு ரெண்டு, ஒண்ணு மேல், ஒண்ணு லைனிங். நடுவுல மடிச்சு அடியையும் பக்கத்தையும் அடிச்சா போதும்.

தோரணம்: முக்கோணத் துண்டுகளை வரிசையா ஒரு நாடாவுல வச்சு அடிச்சா வாசலுக்கு ஆச்சு. அகல் விளக்குக்கு மேல மட்டும் கட்டாதீங்க.

ஒத்தடப் பை: 5-க்கு 10 இன்ச் பருத்தி உறை, முக்கால்வாசிக்குக் கல் உப்பு. வெறும் தோசைக்கல்லுல சூடு பண்ணி ஒத்தடம் கொடுக்கலாம். கழுத்து வலி, இடுப்பு வலிக்கு இதமா இருக்கும். முதல்ல உங்க மணிக்கட்டுல வச்சுப் பாருங்க. சுகர் இருக்கிறவங்களோட மரத்துப்போன காலுக்கு இதை வைக்கவே கூடாது. சூடு தெரியாம தோல் வெந்து புண்ணாகி, அந்தப் புண்ணு விரலையே எடுக்கிற அளவுக்குப் போனதை நாங்க பார்த்திருக்கோம். பரிசாக் கொடுக்கும்போது இந்த வார்த்தையையும் சேர்த்துக் கொடுங்க.

10)
தைக்கிறவங்களுக்கும் ரெண்டு வார்த்தை.

ஊசியையும் குண்டூசியையும் உதட்டுல கவ்வாதீங்க. ஒரு தும்மல் போதும், தொண்டைக்குள்ள போயிடும். வெள்ளெழுத்து வந்தவங்க கண்ணைச் சுருக்கிப் போராடாம கண்ணாடி வாங்கிக்குங்க. விளக்கு இடது தோள் பக்கம் இருந்து வரட்டும். வலது கைக்காரங்களுக்கு அப்போதான் நிழல் விழாது. அரை மணிக்கு ஒருதடவை எழுந்து கழுத்தையும் தோளையும் அசைங்க. ஊசி குத்தினா சோப்பு போட்டுத் தண்ணியில கழுவுங்க. டிடி ஊசி போட்டு 10 வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல போட்டுக்குங்க. சுகர் வந்து விரல் மரத்துப் போனவங்க கட்டாயம் அங்குஸ்தான் போட்டுத் தைங்க.

11)
முதல் பையை அப்பத்தாகிட்ட கொடுத்தப்போ திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு. "பை நல்லாத்தான் இருக்கு. இதுல முறுக்கு வச்சுக்கவா?"ன்னு கேட்டுச்சு. வார்டே சிரிச்சுது. அப்புறம் ஸ்டாஃப் நர்ஸ் பக்கத்துல உட்கார்ந்து, கையைப் பிடிச்சு, ஒரு பட்டன், ரெண்டு பட்டன், மூணு பட்டன்னு தடவ வச்சு மூணு தடவை சொல்லிக் கொடுத்தாங்க. நாலாவது தடவை அப்பத்தா பேரனுக்குச் சொல்லிக் கொடுத்துச்சு.

அடுத்த மாசம் மாத்திரை வாங்க வந்தப்போ பையைச் சுருட்டி இடுப்புல செருகிட்டு வந்து மேஜையில விரிச்சுச்சு. ஒவ்வொரு அட்டையிலயும் எத்தனை மிச்சம்னு எண்ணிப் பார்த்தா கணக்கு சரியா இருந்துச்சு. எனக்கு ஒரு பார்வையில எல்லாம் தெரிஞ்சது. கவர்ல கொட்டிக் கிளறுற நேரத்துல அதோட பேச முடிஞ்சது.

அதுக்கப்புறம் அம்மா, ரெண்டு நர்ஸ் அக்காங்க, நான்னு சேர்ந்து ஓய்வு நேரத்துல அப்பப்போ தைக்கிறோம். "டாக்டர் சைடு பிசினஸ் ஆரம்பிச்சுட்டார்"னு ஆஸ்பத்திரியில கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டும்.

12)
ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். இந்தப் பை எந்த நோயையும் குணமாக்காது. மாத்திரை மாறினா பையையும் மாத்தி அடுக்கணும். மாசத்துக்கு ஒரு தடவை ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து நிரப்பணும். அந்த ஒருத்தர் இல்லாத வீட்டுல இது சுவத்துல தொங்குற இன்னொரு துணிதான்.

அதனால பையைக் கையில கொடுத்துட்டு வந்துடாதீங்க. தீபாவளிக்கு ஊருக்குப் போறீங்க இல்லையா? எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, சாப்பிட்டு முடிச்ச பிறகு, அம்மா அப்பாகிட்ட "மாத்திரை எல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"ன்னு கேளுங்க. கவரோ, பிஸ்கட் டப்பாவோ, ஏதோ ஒண்ணு வரும். கொட்டுங்க. சீட்டை வச்சு ஒவ்வொண்ணாப் பாருங்க. காலாவதியானதைத் தனியா எடுங்க. மிச்சத்தை மூணு அறையில அடுக்குங்க. ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள அவங்களுக்கு எந்த மாத்திரை போட்டா தலை சுத்துது, எதைச் சொல்லாம நிறுத்தி வச்சிருக்காங்க, எதுக்குக் காசு ஆகுதுன்னு பாதியாக்கிச் சாப்பிடுறாங்கன்னு எல்லாம் வெளியே வரும். போன்ல கேட்டா "நல்லா இருக்கேன்ப்பா"தான் வரும்.

அப்படி ஏதாவது வெளியே வந்தா, நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க, கூட்டாதீங்க. குறிச்சு எடுத்துட்டு அவங்களோட டாக்டரைப் போய்ப் பாருங்க.

துணி வீட்டுலயே இருக்கு. பட்டன் பழைய சட்டையில இருக்கு. தைக்க ரெண்டு மணி நேரம். இன்னும் மூணு வாரம் இருக்கு, தொடங்கிடுங்க.

தைச்சு முடிச்சா படம் அனுப்புங்க. தையல் கோணலா இருந்தாலும் பரவாயில்லை. என்னோட முதல் பையும் கோணல்தான், எங்க அம்மா இன்னும் சொல்லிக்காட்டுறாங்க.

முன்கூட்டியே தீபாவளி வாழ்த்துகள். பாதுகாப்பா கொண்டாடுங்க.

உங்கள்
அரசு மருத்துவர்